கை காந்தும் நேரம்

தை பிறக்க ஐந்தாறு நாள் இருக்கும்போது மட்டக்களப்பில் காலையில் எழுந்தால் முதலில் காதில் விழுவது மண்வெட்டிச் சத்தம். ஒக்டோபரில் பிடித்த மழை அப்போதுதான் கொஞ்சம் விட்டிருக்கும். வளவெல்லாம் கோரை மண்டிக் கிடக்கும். வேலியோரம் இப்பில் இப்பில் ஆளுயரம் நிற்கும். காற்றில் விழுந்த தென்னோலைகள் ஊறிக் கறுத்துக் கிடக்கும். பொங்கலுக்கு முன் இவை எல்லாவற்றையும் துப்பரவாக்க வேண்டும். எழுவான்கரையின் மணல் வளவானாலும் சரி, வாவிக்கு அப்பால் படுவான்கரையின் களி வளவானாலும் சரி, அந்த ஒரு கிழமைக்குக் கந்தோரில் இருப்பவர், பள்ளிக்கூடத்தில் படிப்பிப்பவர், கடை வைத்திருப்பவர் எல்லாரும் மண்வெட்டி பிடிப்பார்கள். போன தைக்குப் பிறகு அதைத் தொடாத கைகள்தான் அநேகம்.

காலை ஏழு மணிக்குத் தொடங்கினால் எட்டரை மணிக்குள் கையை விரித்துப் பார்க்க வேண்டி வரும். மோதிர விரலின் அடியில் ஒன்று, நடுவிரலின் அடியில் ஒன்று, நீர் கோத்து உப்பி நிற்கும். எனக்கும் சிறு வயதில் இருந்து இதே கதைதான். ஒருமுறை அம்மப்பா என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "கை காந்தக்குள்ளயே நிப்பாட்டியிருக்கணும் மனே" என்றார். ஆயுள் முழுக்க வேளாண்மை செய்த மனிதர். கொப்புளம் பற்றி மருத்துவர்கள் எழுதியவற்றைப் பல வருடம் கழித்து வாசித்தபோது, அவர் சொன்ன அந்த ஒரு வசனத்துக்குள் எவ்வளவு இருந்தது என்று விளங்கியது.

மண்வெட்டிப் பிடி தோலின் மேற்புறத்தைத் தேய்க்கிறது, தேய்ந்த இடம் கொப்பளிக்கிறது என்றுதான் நாம் நினைக்கிறோம். அப்படித் தேய்ந்தால் வருவது சிராய்ப்பு. கொப்புளம் வேறு. அதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால், வலது கைச் சுட்டுவிரலை இடது புறங்கையில் அழுத்தி வைத்து, விரல் வழுக்காதபடி முன்னும் பின்னும் மெல்ல அசைத்துப் பாருங்கள். விரலோடு தோல் ஒட்டிக்கொண்டு போகும். அடியில் இருக்கும் எலும்பு போகாது. தோல் ஒரு பக்கம் இழுபட, எலும்பு மறுபக்கம் நிற்க, இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சதை மட்டும் சாய்ந்து சாய்ந்து நிமிர்கிறது. மண்வெட்டியை ஓங்கி, கொத்தி, தன் பக்கம் இழுக்கும் ஒவ்வொரு தடவையும் உள்ளங்கைக்குள் நடப்பது இதுதான். பிடியோடு தோல் நிற்கிறது, எலும்பு அதற்குள் ஓடித் திரும்புகிறது.

பன்பாய்கள் பத்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒவ்வொன்றையும் அடுத்ததோடு சிறு சிறு தையலால் பிணைத்ததாக எண்ணிக்கொள்ளுங்கள். மேல் பாயைப் பிடித்து ஆயிரம் தடவை இழுத்து விட்டால் மேல் பாய் கிழியாது, அடிப் பாயும் அசையாது. நடுவில் எங்கோ தையல் ஒவ்வொன்றாக அறும். நம் மேற்தோலும் அடுக்கடுக்கான கலங்களால் ஆனது. உச்சியில் செத்துக் காய்ந்து இறுகிய கலங்கள். அதுதான் உள்ளங்கையின் உறுதியான மேற்படலம். அடியில் ஓயாமல் பிரிந்து பெருகும் இளங்கலங்கள். இரண்டுக்கும் இடையில் ஒரு படலம் இருக்கிறது. நுணுக்குக்காட்டியில் பார்த்தால் அதன் கலங்கள் முள் முளைத்தவை போலத் தெரிவதால் அதை முட்படலம் என்கிறார்கள். அந்த முட்கள்தான் தையல்கள். ஒரு கலத்தை அடுத்த கலத்தோடு பிணைத்துவைத்திருக்கும் டெஸ்மோசோம் என்ற பூட்டுகள் அவற்றின் நுனியில் இருக்கின்றன. கொப்புளம் பிறப்பது அந்த முட்படலத்துக்குள். கலங்கள் அங்கே களைத்துக் கிழிந்து ஒரு பிளவு திறக்கிறது. அடியில் உள்ள இரத்தக் குழாய்களில் இருந்து கசியும் தெளிந்த நீர் அந்தப் பிளவுக்குள் ஊறி நிரம்புகிறது. நாம் காணும் குமிழ் கடைசியாக வருவது. பிளவு அதற்கு முன்பே விழுந்துவிட்டது.

நீர் முழுமையாக ஊற இரண்டு மணி நேரம்கூட எடுக்கலாம். அதனால்தான் வேலை முடித்து, கிணற்றடியில் குளித்து, சோற்றில் கை வைக்கும்போது புதுக் கொப்புளங்கள் எழுந்து நிற்கின்றன.

புறங்கையில் இப்படிக் கொப்புளம் வருவதில்லை. அங்கே தோல் மெல்லியது, தளர்வானது. இழுத்தால் கூடாரம்போல எழும்பும். அதைத் தேய்த்தால் மேற்படலம் உரிந்து புண்ணாகுமே தவிர நீர் கோக்காது. உள்ளங்கையைக் கிள்ளித் தூக்கிப் பாருங்கள், வராது. தோலை அடியிலுள்ள வலுவான தசைநார் விரிப்போடு நூற்றுக்கணக்கான நார்கள் இறுக்கிக் கட்டிவைத்திருக்கின்றன. அந்தக் கட்டு இல்லையென்றால் நாம் ஒரு தேங்காயைக்கூடப் பிடிக்க முடியாது. பிடித்த பொருள் தோலோடு சேர்ந்து நழுவி ஓடும். தடித்த மேற்படலம், அடியோடு இறுகிய கட்டு என்ற இரண்டும் சேர்ந்த இடம் உடலில் உள்ளங்கையும் உள்ளங்காலும்தான். பிடிக்கவும் நடக்கவும் இந்த உடல் பெற்ற வரத்தின் மறுபக்கமாகத்தான் கொப்புளம் வருகிறது என்று நினைக்கும்போது எனக்கு அந்தக் குமிழ்மேல் ஒரு மரியாதையே வருகிறது.

இனி வியர்வை. 1955இல் பிரித்தானிய மருத்துவர் நெய்லர் தோலின்மேல் உராய்வை அளந்து பார்த்தார். நன்றாகக் காய்ந்த தோலில் உராய்வு குறைவு. சொட்டச் சொட்ட நனைந்த தோலிலும் குறைவு. லேசாக ஈரம் பிடித்த தோலில்தான் உராய்வு மிக அதிகம். 1966இல் அமெரிக்க இராணுவத்துக்காக மரியன் சல்ஸ்பெர்கர் குழுவினர் ஆட்களின் தோலில் கருவியால் தேய்த்துக் கொப்புளங்களை உண்டாக்கி ஆராய்ந்தார்கள். 1998இல் அமெரிக்க இராணுவப் பயிலுநர்களைக் கொண்டு இன்னொரு சோதனை நடந்தது. வியர்வையைத் தடுக்கும் பூச்சை முன்னதாகவே சில நாள் காலில் பூசியவர்கள், பூசாதவர்கள் என இரு பிரிவினர் 21 கிலோமீற்றர் நடந்தார்கள். பூசியவர்களில் 21 சதவீதத்தினருக்கும் பூசாதவர்களில் 48 சதவீதத்தினருக்கும் கொப்புளம் வந்தது. பூச்சினால் பலருக்குத் தோல் எரிச்சல் உண்டானதால் அது எல்லாருக்கும் ஏற்ற வழியாகவில்லை. ஆனால் கொப்புளத்தின் திறவுகோல் ஈரத்தில் இருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

இதை வாவிக்கரையில் இருந்து யோசித்துப் பார்த்தேன். ஆனி ஆடியில் இங்கே கச்சான் அடிக்கும். மேற்கே மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, இறங்கும்போது சூடேறிக் காய்ந்து வரும் காற்று அது. உதடு வெடிக்கும், துவைத்த சீலை ஒரு மணி நேரத்தில் காயும். அந்தக் காற்றில் உள்ளங்கை வியர்வை நிற்காது. மார்கழியிலோ வாடைக் காற்று கடலையும் வாவியையும் நக்கிக்கொண்டு வருகிறது. காற்றே ஈரம். கையில் பூத்த வியர்வை போக வழியில்லாமல் பிடிக்கும் தோலுக்கும் நடுவில் தங்குகிறது. சொட்டச் சொட்டவும் நனையவில்லை, காயவும் இல்லை. நெய்லர் அளந்த அந்த ஆபத்தான நடு ஈரம் அதுதான். வருடத்தில் கொப்புளத்துக்கு மிக வாகான மாதத்தைத் தேர்ந்தெடுத்துத்தான் நாம் வளவு துப்பரவாக்குகிறோம்.

கூலி வேலை செய்கிறவர்கள் மண்வெட்டி எடுக்கும் முன் உள்ளங்கையில் எச்சில் துப்பித் தேய்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்கும் இதே காரணம். லேசான ஈரம் பிடியைக் கையோடு ஒட்டவைக்கிறது, கொஞ்சம் தளர்வாகப் பிடித்தாலும் நழுவாது. தோல் தடித்துக் காய்த்துப்போன கைக்கு அது உதவி. பேனை பிடிக்கும் கைக்கு அதே எச்சில் கேடு. அந்த ஒட்டல்தான் உள்ளே தையலை அறுக்கிறது. தேங்காய் எண்ணெயோ வஸலினோ தடவிக்கொண்டு இறங்குகிறவர்களும் இருக்கிறார்கள். முதலில் வழுவழுப்பாக இருக்கும். சில மணி நேரத்தில் எண்ணெய் தோலில் ஊறி அதை மென்மையாக்கியதும் உராய்வு முன்பிருந்ததை விடக் கூடிவிடுகிறது என்பது அளந்து கண்ட விடயம். எண்ணெய்க் கையோடு வெட்டுக் கத்தி பிடிப்பதை நான் ஒருவருக்கும் சொல்ல மாட்டேன்.

கையில் செய்யக்கூடியது மிக எளிது. தோளில் ஒரு பருத்தித் துண்டு கிடக்கட்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கையையும் பிடியையும் சேர்த்துத் துடையுங்கள். பருத்தி நூல் கையுறை போட்டால் இன்னும் நல்லது. கையுறையும் பிடியும் ஒன்றோடொன்று வழுக்கும், அந்த வழுக்கல் தோலுக்குள் போகாது. ஊறியதும் மாற்ற இன்னொரு சோடி வேண்டும். வெறும் இறப்பர் கையுறை வியர்வையை உள்ளே பூட்டிவைக்கும். சகதியில் வேலை செய்ய இறப்பர்தான் தேவை என்றால் உள்ளே பருத்தி போட்டு மேலே அதைப் போடுங்கள். கைக்குப் பெரிதான கையுறை மடிந்து, அந்த மடிப்பே ஒரு கொப்புளத்தை உண்டாக்கும்.

கையைப் பற்றியே பேசுகிறோம், ஆயுதத்தையும் பார்க்க வேண்டும். என் அனுபவத்தில் பாதிக் கொப்புளங்கள் ஆடும் மண்வெட்டியால் வருபவை. மண்வெட்டியின் இலை பிடியில் தளர்ந்திருந்தால் ஒவ்வொரு கொத்திலும் அது பக்கவாட்டில் திரும்பப் பார்க்கும். அதைத் திரும்ப விடாமல் தடுக்கக் கை தன்னை அறியாமல் இறுக்கிப் பிடிக்கும். இறுக்கம் கூடினால் ஒட்டல் கூடும். முதல் நாள் மாலையே ஆப்பு அடித்து, தலைப் பக்கத்தைத் தண்ணீரில் ஊறப் போட்டால் மரம் பருத்து இறுகிவிடும். புதுப் பிடியை உடைந்த கண்ணாடித் துண்டால் சுரண்டி மழமழப்பாக்கும் பழக்கம் நம் ஊர்களில் உண்டு. அதைச் செய்யச் சோம்பல்படக் கூடாது. படுவான்கரைக் களியில் இலையில் மண் அப்பிக்கொள்ளும். அப்பிய மண்ணோடு கொத்தினால் பாரம் இரட்டிப்பாகும், பிடி கையில் முறுகும். ஒரு சிரட்டையைப் பக்கத்தில் வைத்து அடிக்கடி வழித்துவிட வேண்டும். எழுவான்கரையில் மண் இலகு, ஆனால் மணல் பிடியில் ஏறி அரத்தைப்போல மேற்தோலைத் தின்னும்.

ஒவ்வொரு ஆயுதமும் தன் கொப்புளத்தைத் தனக்கென்று ஓர் இடத்தில் வைக்கிறது. மண்வெட்டி விரல்களின் அடியில். நீண்ட பிடி போட்ட ஈர்க்கில் விளக்குமாறு பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவிலுள்ள சவ்வில். கத்தி சுட்டுவிரலின் உட்பக்கத்தில். அலவாங்கு உள்ளங்கையின் நடுவில். இதைத் தெரிந்துகொண்டால் ஒரு நல்ல வழி கிடைக்கிறது. இருபது நிமிடம் கொத்துங்கள், பிறகு கூட்டுங்கள், பிறகு வேலியோரம் வெட்டுங்கள். சுமை கையில் இடம் மாறிக்கொண்டே இருக்கும், எந்த இடத்துக்கும் ஆயிரம் இழுவை சேராது. காலையில் முழு வளவையும் கொத்தி முடித்து, மாலையில் முழு வளவையும் கூட்டுகிறவருக்குத்தான் இரண்டு இடத்திலும் வருகிறது.

அம்மப்பா சொன்ன காந்தலுக்கு வருகிறேன். கொப்புளம் எழுவதற்கு முன் அந்த இடம் சிவந்து சூடேறும். முழு எரிச்சலும் ஆகாத, வலியும் ஆகாத ஓர் உணர்வு. அதைத்தான் காந்தல் என்கிறோம். அந்த நேரத்தில் கலங்கள் இழுபட்டுச் சலித்திருக்கின்றன, பிளவு இன்னும் திறக்கவில்லை. இன்னும் ஐந்து நிமிடத்தில் இந்தப் பாத்தி முடிந்துவிடும் என்று நாம் தொடர்கிற அந்த ஐந்து நிமிடத்தில்தான் தையல் அறுகிறது. காந்தியதும் நிறுத்தி, கையைக் கழுவிக் காயவைத்து, அந்த இடத்தில் மெல்லிய கடதாசிப் பிளாஸ்டரை மடிப்பில்லாமல் ஒட்டுங்கள். 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பாலைவனங்களில் 250 கிலோமீற்றர் ஓடிய 128 பேரின் பாதங்களில் சாதாரணக் கடதாசிப் பிளாஸ்டர் கொப்புளத்தை 40 சதவீதம் குறைத்தது. எந்த மருந்துக் கடையிலும் வாங்கக்கூடிய மலிவான பொருள் அது.

அம்மப்பாவின் உள்ளங்கை பனை மட்டை மாதிரி இருக்கும். தாக்கத்தியும் மண்வெட்டியும் பிடித்துப் பிடித்து வந்த காய்ப்பு. தாங்கக்கூடிய அளவு இழுவை நாள்தோறும் கிடைத்தால், அடியிலுள்ள கலங்கள் வேகமாகப் பெருகி மேற்படலத்தைத் தடிப்பாக்குகின்றன. தடித்த படலம் இழுவையை அகலமாகப் பரப்பிவிடும். அதற்குச் சில கிழமைகள் வேண்டும். விதைப்புக் காலத்தில் வரம்பு கட்டத் தொடங்கி மாசி பங்குனி அறுவடை வரை அவர் கைக்கு அந்த அவகாசம் இருந்தது. இன்று வெட்டு மெசின் வயலில் இறங்கி இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடுகிறது. விவசாயிகளின் பிள்ளைகளுக்கே காய்த்த கை இல்லை. வளவு மட்டும் பழையபடி கையை நம்பியே கிடக்கிறது. ஆகவே துப்பரவுக்கு இரண்டு கிழமை முன்பே தினமும் கால் மணி நேரம் கொத்தத் தொடங்குவதுதான் நல்ல ஆயத்தம். 1978 நவம்பர் 23 இரவு சூறாவளி மட்டக்களப்பைப் புரட்டிப் போட்டபோது அப்படி ஆயத்தமாக யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை. தென்னந்தோட்டங்கள் சாய்ந்து வீதியிலும் கூரையிலும் கிடந்தன. கோடாலி பிடித்தே பழகாதவர்களும் மறுநாள் காலை அதைத்தான் பிடித்தார்கள்.

இவ்வளவும் வலியைப் பற்றி. வலியோடு முடிந்தால் நான் இதை எழுத அவ்வளவு அக்கறைப்பட மாட்டேன். கொப்புளம் உடைந்து தோல் உரிந்த உள்ளங்கை, மாரி மண்ணுக்குத் திறந்து வைத்த கதவு. 1911இல் ரங்கூனில், அல்ஃபிரட் விட்மோர் என்ற மருத்துவரும் அவருடைய உதவியாளர் சி.எஸ். கிருஷ்ணசுவாமியும் பிணப் பரிசோதனைகளில் ஒரு புதிய நோயைக் கண்டார்கள். உறுப்புகளில் சீழ்க் கட்டிகளை உண்டாக்கும் அந்த நோய்க்குப் பின்னாளில் மெலியோய்டோசிஸ் என்று பெயர் வந்தது. விட்மோர் நோய் என்றும் சொல்வார்கள். கிருஷ்ணசுவாமியின் பெயர் அதில் சேராமல் போனது எனக்கு எப்போதும் வருத்தம். இலங்கையில் முதல் நோயாளி 1927இல் பதிவானார். அதைத் தரும் பக்டீரியா ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்கிறது. மழைக்காலத்தில் மேலே வருகிறது. தோலில் உள்ள காயம், சுவாசம், குடிநீர் என மூன்று வழியாலும் உடலுக்குள் போகும். கிழக்கு மாகாணத்தில் இந்த நோய் இருக்கிறது. மட்டக்களப்பில் நோயாளிகள் கண்டறியப்பட்டிருக்கிறார்கள். நீரிழிவு உள்ளவர்களுக்கு ஆபத்து பல மடங்கு. காய்ச்சலாக, நியூமோனியாவாக, காசநோயைப்போல வேடமிட்டு வரும். வழக்கமான பெனிசிலின் அதைத் தொடாது. பத்து நாளுக்கும் குறையாமல் நாளம் வழியாக ஊசி, பிறகு மூன்று மாதம் குளிசை என்று நீண்ட சிகிச்சை தேவை. எலிக்காய்ச்சலும் இதே சகதியில், இதே காயத்தின் வழியாக வரும். ஏற்புவலிக் கிருமியும் மண்ணில்தான் இருக்கிறது.

இவை அபூர்வமாகவே நேரும், பயந்து ஒதுங்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு கொப்புளம் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு 1924 கோடையில் வெள்ளை மாளிகையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஜனாதிபதி கல்வின் கூலிட்ஜின் 16 வயது மகன் காலுறை இல்லாமல் டென்னிஸ் விளையாடினான். கால்விரலில் கொப்புளம் வந்தது. அதில் கிருமி ஏறி இரத்தத்தில் பரவியது. ஜூலை 7ஆம் திகதி அவன் இறந்துபோனான். பெனிசிலினைப் பிளெமிங் கண்டது 1928இல். நாட்டின் மிகச் சிறந்த மருத்துவர்கள் சுற்றி நின்றும் அந்தப் பிள்ளையைக் காப்பாற்ற வழி இருக்கவில்லை.

அதனால் கொப்புளத்தின் மேல் தோலை உரிக்காதீர்கள். அதைவிட நல்ல கட்டுத்துணி எந்த மருந்துக் கடையிலும் கிடைக்காது. சிறியது என்றால் சவர்க்காரம் போட்டுக் கழுவி, உலர்ந்த துணியோ பிளாஸ்டரோ போட்டு மூடிவிட்டால் போதும். பெரிதாக உப்பி வலித்தால், கிருமி நீக்கிய ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வடிக்கலாம், கூரையை அப்படியே படிய விட வேண்டும். நீரிழிவு உள்ளவர்கள் இதை வீட்டில் செய்யாமல் வைத்தியசாலைக்குப் போவதுதான் சரி. சாம்பல், பற்பசை எதையும் வைக்க வேண்டாம். உடைந்த கையோடு சகதிக்குள் இறங்கவே வேண்டாம். துப்பரவு செய்து ஓரிரண்டு கிழமைக்குள் விடாத காய்ச்சல் வந்தால், மண்ணில் வேலை செய்ததையும் கையில் காயம் இருந்ததையும் வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அந்த ஒரு தகவல் பரிசோதனையைச் சரியான பக்கம் திருப்பும்.

கூரை படிந்தபின் அடியில் நடப்பது 1960களில் துல்லியமாகப் பின்தொடரப்பட்டது. ஆறு மணி நேரத்துக்குள் பிளவின் தளத்திலுள்ள கலங்கள் புதுப் புரதம் கட்டுவதற்கான பொருளை உறிஞ்சத் தொடங்குகின்றன. ஒரு நாளில் அடியிலுள்ள கலங்கள் மும்முரமாகப் பிரிகின்றன. இரண்டு நாளில் ஒரு புது அடுக்கு எழுந்து நிற்கிறது. 120 மணி நேரத்தில், கூரைக்கு அடியில், புது மேற்படலம் தெரிகிறது.

120 மணி என்றால் ஐந்து நாள். தைக்கு ஐந்து நாள் இருக்கும்போது வந்த கொப்புளம் பொங்கலன்று விடிகாலையில் காய்ந்த சருகாகத் தானே கழன்று வரும். அடியில் இளஞ்சிவப்பாக ஒரு புதுத் தோல் இருக்கும், தொட்டால் கொஞ்சம் கூசும். அந்தக் கையால் முற்றத்தில் அடுப்பு மூட்டலாம், பானையில் அரிசி போடலாம், அகப்பை பிடித்துக் கிளறலாம். மண்வெட்டியை இன்னும் ஒரு கிழமைக்குச் சுவரில் சாத்தியே வைத்திருங்கள்.